கோழிக்கறியையும் துரித உணவையும் சத்துக் கணக்கில் ஒப்பிடுவது எப்படி

பெங்களூரில் சிக்கன் கபாப் என்று கேட்டால் பெரும்பாலான கடைகளில் கைக்கு வருவது கனலில் சுட்ட இறைச்சி அல்ல; மசாலாவும் சோள மாவும் பூசி, எண்ணெய் நிறைந்த வாணலியில் பொரித்தெடுத்த கோழித் துண்டுகள். மாலை ஏழு மணிக்கு அல்சூரிலோ சிவாஜி நகரிலோ ஒரு தெருமுனைக் கடையில் அதை ஒரு தட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர் சாப்பிட்டது கோழிக்கறியா, துரித உணவா? இரண்டும்தான். துரித உணவு நல்லதா, கோழி நல்லதா என்று நம் வீடுகளில் எழும் வாக்குவாதம் ஒரு முடிவுக்கு வராமலே போவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். கோழி என்பது ஒரு பொருள். துரித உணவு என்பது பொருளைச் சமைத்து விற்கும் ஒரு முறை. ஒன்றை மற்றொன்றுக்கு எதிரே நிறுத்தினால் கணக்கு தொடக்கத்திலேயே கோணிவிடும்.

துரித உணவு வெளிநாட்டிலிருந்து வந்தது என்ற எண்ணத்தையும் முதலிலேயே விலக்கிவிட வேண்டும். கேஎஃப்சி நிறுவனம் இந்தியாவில் தன் முதல் கடையை 1995இல் இதே ஊரின் பிரிகேட் சாலையில் திறந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே இங்கே தர்ஷினி எனப்படும் சிற்றுண்டிக் கடைகளில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடும் வழக்கம் வேரூன்றியிருந்தது. அங்கே ஆவியில் வெந்த இட்லியும் துரிதமாகக் கிடைப்பதுதான், எண்ணெயில் மூழ்கி எழுந்த வடையும் துரிதமாகக் கிடைப்பதுதான். ஆகவே பெயரையும் கடையையும் மறந்துவிட்டு, தட்டில் இருப்பதை எடை, எண்ணெய், மாவு, உப்பு என்று பிரித்துப் பார்க்கும் முறையைக் கீழே எழுதுகிறேன். சமையலறைத் தராசு ஒன்றும், ஒரு நோட்டுப் புத்தகமும், வகுத்தல் கணக்கும் போதும்.

பச்சையைப் பச்சையோடு, வெந்ததை வெந்ததோடு

ஒப்பிடுகிறவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை இதில்தான் இருக்கிறது. தோல் நீக்கிய நெஞ்சுக்கறி 100 கிராமில் புரதம் எவ்வளவு என்று தேடினால் ஓரிடத்தில் 22 கிராம் என்றும் வேறோரிடத்தில் 31 கிராம் என்றும் இருக்கும். இரண்டும் சரியே. முதலாவது பச்சை இறைச்சிக்கு உரியது. இரண்டாவது வெந்த இறைச்சிக்கு உரியது. கோழிக்கறி வேகும்போது அதிலுள்ள நீர் வெளியேறி, 100 கிராம் பச்சைக்கறி ஏறக்குறைய 75 கிராமாகச் சுருங்குகிறது. புரதம் கூடவில்லை, நீர் குறைந்ததால் அடர்த்திதான் கூடியது. உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் கால் கிலோ பச்சைக்கறியை வாங்கி வந்து, வெந்த கறியின் அட்டவணையைப் பார்த்து 77 கிராம் புரதம் கிடைத்தது என்று எழுதி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் கிடைத்தது 55 கிராம் அளவுதான்.

எந்த அட்டவணையைப் பார்ப்பது என்ற கேள்விக்கு என் விடை இது. பச்சைப் பொருள்களுக்கு, ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுக் கூறு அட்டவணை நமக்கு மிகவும் பொருந்தும். 528 உணவுப்பொருள்களின் கூறுகள் அதில் உள்ளன. (அந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது என்பதை அறிந்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது.) வெந்ததற்கும் பொரித்ததற்கும் அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணை உதவும், கீழே நான் தரும் எண்கள் பெரும்பாலும் அதை ஒட்டியவை. உணவு உறைகளில் கிலோ கலோரி என்று அச்சிட்டிருப்பதைத்தான் நாம் பேச்சில் கலோரி என்கிறோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

எலும்பையும் மறக்கக் கூடாது. குழம்புக்கு வெட்டிய கறி ஒரு கிலோ என்றால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எலும்பு. சாப்பிட்டு முடித்தபின் தட்டிலுள்ள எலும்பை ஒரே ஒரு முறை நிறுத்துப் பார்த்தால் உங்கள் கடைக்காரர் தரும் கறிக்கான விகிதம் தெரிந்துவிடும். பிறகு அதையே பயன்படுத்தலாம்.

100 கலோரிக்கு எத்தனை கிராம் புரதம்

இரண்டு உணவுகளை ஒப்பிட எனக்குத் தெரிந்த நேர்மையான அளவுகோல் இது ஒன்றுதான். ஒரு கிராம் புரதமும் ஒரு கிராம் மாவுச்சத்தும் தலா 4 கலோரி தருகின்றன; ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. ஆகையால் ஓர் உணவில் எண்ணெயும் மாவும் ஏற ஏற, அதே புரதத்துக்காக நாம் ஏற்க வேண்டிய கலோரியும் ஏறுகிறது. கணக்கு எளிது: உணவிலுள்ள புரதத்தைக் கிராமில் எடுத்துக்கொண்டு, மொத்தக் கலோரியால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். வரும் விடையைத்தான் கீழே எண் என்று குறிக்கிறேன்.

எண்ணெயின்றி வாட்டிய, தோல் நீக்கிய நெஞ்சுக்கறி 100 கிராமில் 165 கலோரியும் 31 கிராம் புரதமும் உள்ளன. வகுத்தால் ஏறக்குறைய 19 வருகிறது. நாம் வழக்கமாக உண்ணும் உணவுகளில் இதற்கு மேல் போகக்கூடியவை மிகச் சிலவே. அதே நெஞ்சுப் பகுதியைத் தோலோடு மாவில் தோய்த்துப் பொரித்தால் 260 கலோரி, 25 கிராம் புரதம், எண் 9.5க்கு இறங்குகிறது. மாவு பூசிப் பொரித்த தொடைக்கறி 8க்குச் சற்றுக் கீழே நிற்கும். இறக்கைத் துண்டில் கறியைவிடத் தோல் மிகுதி என்பதால் பொரித்த இறக்கை 6க்கு வந்துவிடும். சீஸ் பீட்சா 100 கிராமில் 266 கலோரி, 11 கிராம் புரதம், எண் 4. உருளைக்கிழங்கு ஃப்ரென்ச் ஃப்ரைஸ் 312 கலோரி, 3.4 கிராம் புரதம், எண் 1. கோலாவுக்கு எண்ணே இல்லை: 330 மில்லி கேனில் 35 கிராம் சர்க்கரையும் 139 கலோரியும் உண்டு, புரதம் சுழியம்.

இந்த வரிசையை நிதானமாகப் படிப்பவருக்கு ஒன்று புலப்படும். பொரித்த கோழிகூட பீட்சாவுக்கும் ஃப்ரைஸுக்கும் மேலேதான் நிற்கிறது. துரித உணவுக் கடையில் நம் கணக்கைக் கவிழ்ப்பது பெரும்பாலும் கோழி அல்ல. கோழியோடு கூட்டாக வருபவைதான். கோழி பர்கர் ஒன்று சுமார் 400 கலோரி, 100 கிராம் ஃப்ரைஸ் 312, கோலா 139 என்று கூட்டினால் 850 கலோரி. புரதமோ மொத்தம் 20 கிராம் அளவில்தான் இருக்கும். எண் 2.4. பர்கரை மட்டும் வாங்கித் தண்ணீரோடு சாப்பிட்டிருந்தால் அது 4ஐத் தாண்டியிருக்கும். கூட்டாக வாங்கினால் விலை மலிவு என்று கடை சொல்வதை நம்பி நாம் வாங்குவது, சத்துக் கணக்கில் இப்படி முடிகிறது.

ஒருவருக்கு ஒரு நாளைக்குப் புரதம் எவ்வளவு வேண்டும் என்பதும் தெரிந்திருந்தால்தான் இந்த எண்களுக்குப் பொருள் உண்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். அதில் பாதியை ஒரு வேளைக் கோழிக்கறி எளிதில் தந்துவிடும். மீதியைப் பருப்பும் தயிரும் முட்டையும் அரிசியும் சேர்ந்து தந்துவிடும்.

நம் வீட்டுக் குழம்பையும் தராசில் ஏற்றுங்கள்

வீட்டில் சமைத்தால் நல்லது என்று சொல்லிவிட்டு நகர்வது எனக்கு உவப்பில்லை. ஒரு முறை எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைக் கணக்கிட்டுப் பார்த்தேன். அதன் பிறகுதான் என் சமையல் மாறியது. அதனால் அந்தக் கணக்கை முழுமையாகவே தருகிறேன்.

நான்கு பேருக்குத் தோல் நீக்கிய கோழி ஒரு கிலோ. எலும்பு போகக் கறி 650 கிராம். தோலில்லாத பச்சைக்கறி 100 கிராமுக்கு 119 கலோரியும் 21.4 கிராம் புரதமும் என்று வைத்தால், கறியால் மட்டும் 770 கலோரியும் 139 கிராம் புரதமும் சேர்கின்றன. தாளிக்கவும் வதக்கவும் எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி. ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி என்பதால் 480. அரைத்துவிட்ட தேங்காய்த் துருவல் 100 கிராம், 350 கலோரி. வெங்காயமும் தக்காளியும் ஒரு 150. ஆக 1,750 கலோரி. ஆளுக்கு ஏறக்குறைய 440 கலோரி, 35 கிராம் புரதம். எண் 8.

அதாவது, பல தலைமுறைப் பெருமையோடு நாம் வைக்கும் குழம்பு, கடையில் மாவு பூசிப் பொரித்த தொடைக்கறிக்குச் சமமாகத்தான் நின்றது. குற்றம் குழம்பில் இல்லை, கை அளவில் இருந்தது. எண்ணெயை இரண்டு மேசைக்கரண்டியாகவும் தேங்காயை 25 கிராமாகவும் குறைத்து, வெங்காயத்தைக் கனமான பாத்திரத்தில் மூடி போட்டு அதன் நீரிலேயே வதங்கவிட்டு, குழம்பின் திண்மைக்குச் சிறிது கசகசாவோ பொட்டுக்கடலையோ அரைத்துச் சேர்த்தபோது ஆளுக்கு 315 கலோரி அளவுக்கு வந்தது, எண் 11. சுவை குறைந்ததாக வீட்டில் யாரும் சொல்லவில்லை. மிளகும் சோம்பும் வறுத்து அரைத்த மணம் எண்ணெயால் வருவதில்லை.

முழுத்தட்டையும் கணக்கிட விரும்புவோர் சோற்றையும் சேர்க்க வேண்டும். வெந்த சோறு 200 கிராம் 260 கலோரி, 5 கிராம் புரதம். எண்ணெய் குறைத்த குழம்போடு 575 கலோரி, 40 கிராம் புரதம், எண் 7. பர்கர், ஃப்ரைஸ், கோலா கூட்டு 2.4 என்று மேலே பார்த்தோம். முழுத்தட்டை முழுத்தட்டோடு வைத்தால்தான் ஒப்பீடு நிறைவடைகிறது. வெறும் நெஞ்சுக்கறியைப் பீட்சாவோடு ஒப்பிட்டு வெற்றி கொண்டாடுவது நியாயமாகாது, ஏனென்றால் வெறும் நெஞ்சுக்கறியை யாரும் ஒரு வேளை உணவாக உண்பதில்லை.

கறி வாங்கும்போது செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்துக் கடைகளில் தோலோடு ஒரு விலை, தோல் உரித்ததற்கு ஒரு விலை. “பாய், தோல் எடுத்துடுங்க” என்று சொல்வதால் கிலோவுக்குச் சில பத்து ரூபாய் கூடுதலாகும். ஆனால் தோலோடு கூடிய பச்சைக்கறி 100 கிராமில் 215 கலோரியும் 15 கிராம் கொழுப்பும் இருக்க, தோல் நீக்கியதில் 119 கலோரியும் 3 கிராம் கொழுப்புமே இருக்கின்றன. ஒரே ஒரு வாக்கியத்தால் இவ்வளவு பெரிய மாற்றம் சமையலறையில் வேறெதிலும் கிடைக்காது. நாட்டுக்கோழியா பிராய்லரா என்ற கேள்வியை இதோடு ஒப்பிட்டால் சிறியது என்பேன். புரதத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, நாட்டுக்கோழியில் கொழுப்பு குறைவு.

பொரிப்பதில் எவ்வளவு எண்ணெய் உள்ளே போகிறது

இதை எந்த அட்டவணையும் உங்கள் வாணலிக்கென்று சொல்லாது, நீங்களே அளக்கலாம். பொரிப்பதற்கு முன் எண்ணெயை வாணலியோடு நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பொரித்து முடித்து, எண்ணெய் நன்றாக ஆறியபின் மறுபடி நிறுங்கள். குறைந்த எடையை 9ஆல் பெருக்கினால், கறியோடு சேர்ந்து தட்டுக்குப் போன கலோரி ஏறக்குறையக் கிடைத்துவிடும். 45 கிராம் குறைந்திருந்தால் 405 கலோரி. தோலுள்ள கறியாக இருந்தால் அதன் கொழுப்பும் உருகி எண்ணெயில் கலக்கும் என்பதால் இந்த அளவு தோலில்லாத கறிக்குத்தான் சரியாக வரும்.

எண்ணெய் உள்ளே போகும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அதைக் குறைக்கவும் தெரியும். சூடான எண்ணெயில் விழுந்த கறியின் மேற்பரப்பிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுகிறது. அந்த இடைவெளிகளில் எண்ணெய் புகுகிறது. கறியை வெளியே எடுத்து அது ஆறும் வேளையில்தான் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயில் பெரும்பகுதி உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே எடுத்தவுடனே சல்லடைக் கரண்டியில் நன்றாக உதறி, கம்பித் தட்டில் பரப்ப வேண்டும். குவியலாகப் பாத்திரத்தில் போடக் கூடாது. மாவுப் பூச்சு தடிமனாகத் தடிமனாக எண்ணெய் குடிப்பதும் மிகுதி. எண்ணெய் போதிய அளவு சூடாகாமல் இருந்தாலும், ஒரே நேரத்தில் கறியை அள்ளிப் போட்டுச் சூட்டைத் தணித்தாலும் அப்படியே.

கடையில் பொரிக்கும் எண்ணெயைப் பற்றி நாம் அறியக்கூடியது குறைவு. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுட வைத்தால் எண்ணெய் கெட்டுப்போவதைக் காட்டும் முனைவுச் சேர்மங்கள் அதில் பெருகுகின்றன. அவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018 ஜூலை முதல் விதித்திருக்கிறது. எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்துகொண்டிருந்தால் அந்தக் கடையைக் கடந்து போய்விடுவதே நல்லது. செக்கச்செவேல் என்ற நிறத்துக்கும் சத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கர்நாடக அரசு 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனிலும், அதே ஆண்டு ஜூனில் கோழி, மீன் கபாப்களிலும் செயற்கை நிறமிகளைத் தடை செய்தது.

உப்பும், கோழியில் இல்லாதவையும்

புரதத்தோடு கணக்கை நிறுத்திவிட்டால் உப்பு தப்பிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு, அதாவது 2,000 மில்லிகிராம் சோடியம். உறையில் சோடியம் என்று இருந்தால் அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பு கிடைக்கும். சீஸ் பீட்சா 100 கிராமில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் சோடியம், அது 1.5 கிராம் உப்பு. மூன்று துண்டு தின்றால் ஒரு நாளைய அளவு ஏறக்குறைய முடிந்துவிட்டது. நம் குழம்பில் ஒரு கிலோ கறிக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு போட்டால் 12 கிராம்; ஆளுக்கு 3 கிராம். அதற்குமேல் ஊறுகாயும் அப்பளமும் வைத்துக்கொண்டால் பீட்சாவைக் குறை சொல்லும் உரிமை நமக்கு இல்லாமல் போகிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வரியை முதல் வரியாக வைத்துக் கணக்கிட வேண்டும்.

கோழியில் நார்ச்சத்து சிறிதும் இல்லை. வைட்டமின் சி இல்லை என்றே சொல்லலாம், சுண்ணாம்புச்சத்தும் மிகக் குறைவு. இரும்புச்சத்து என்று நம்பிக் கோழிக்கறி கொடுக்கிறவர்கள், 100 கிராம் கறியில் அது சுமார் 1 மில்லிகிராம்தான் என்பதை அறிய வேண்டும். பெண்களுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படுவது 29 மில்லிகிராம். ஈரலில் சுமார் 9 மில்லிகிராம் உண்டு. அதில் வைட்டமின் ஏ மிக மிகுதி என்பதால் கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேட்காமல் உண்ண வேண்டாம். ஆகவே கோழி உள்ள தட்டில் ஒரு கீரைப் பொரியலோ அவரைக்காய்க் கூட்டோ இருக்க வேண்டும். மஞ்சூரியனிலும் நூடுல்ஸிலும் நான்கு முட்டைக்கோஸ் இழைகளைக் காட்டி காய்கறி என்று விற்பதை அந்த இடத்தில் வைத்து எண்ண முடியாது. சிறுநீரக நோயாளிகளுக்குப் புரத அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மேற்சொன்ன அளவுகோல் அவர்களுக்கு உரியதல்ல.

வெளியே சாப்பிடும் நாளில்

மத்திய உரிமம் பெற்றதோ, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்டதோ ஆன உணவகங்கள் ஒவ்வோர் உணவுக்கும் கலோரியைப் பட்டியலில் காட்ட வேண்டும் என்பது எஃப்எஸ்எஸ்ஏஐ விதி. கேட்டால் மற்றச் சத்து விவரங்களையும் தர வேண்டும். பட்டியலில் கலோரி மட்டும் இருந்தால் அந்தக் கடையின் இணையதளத்தில் புரதத்தையும் சோடியத்தையும் தேடி, வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். அந்த எண் எந்த அளவு பரிமாறலுக்கு உரியது என்பதையும் பாருங்கள். பீட்சாவுக்கு ஒரு துண்டின் கலோரியைக் காட்டியிருந்தால் நீங்கள் உண்ணப்போகும் துண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும்.

சிறிய கடைகளில் பட்டியல் இருக்காது. அங்கே தந்தூரியோ கிரில்லோ இருந்தால் கபாபை விட்டு அதைக் கேளுங்கள். தோலை நீங்களே உரித்து வைத்துவிடலாம். அதோடு சிறு கிண்ணத்தில் வரும் மயோனைஸைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி மயோனைஸ் 90 கலோரிக்கும் மேல், பெரும்பகுதி எண்ணெய். மூன்று கரண்டி தொட்டுக்கொண்டால், தோல் நீக்கி வாட்டிய 150 கிராம் நெஞ்சுக்கறியின் கலோரியை அந்தக் கிண்ணமே எட்டிவிடும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, கூடுதலாக எலுமிச்சைத் துண்டும் நறுக்கிய வெங்காயமும் புதினாச் சட்னியும் கேட்டால் பெரும்பாலான கடைகளில் விலை ஏற்றாமலே தருகிறார்கள்.